விட்டதும் விடாததும்

(ஒரு சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சு எதைப் பற்றி என்று கேள்விப்பட்டதும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். இத்தாலிக்குப் போய் வந்தவன் வெனிஸைப் பற்றிப் பேசலாம், ரோமாபுரியின் இடிபாடுகளைப் பற்றிப் பேசலாம். ஒரு கிராமத்தில் சீஸ் காய்ச்சிய பழைய கூடத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. பாரம்பரியத்தைக் காப்போம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். காப்பது என்றால் அன்றாடம் என்ன செய்ய வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம், எதற்காக மல்லுக்கு நிற்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. நான் பார்த்த ஊரில் போட்டிருக்கிறார்கள்.

ஊரின் பெயர் சொரான்யா. வட இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியில், பார்மா மாவட்டத்தில் இருக்கிறது. மேடுபள்ளம் இல்லாத பூமி. எந்தப் பக்கம் திரும்பினாலும் புல், குதிரைமசால், நடுநடுவே செங்கல் பண்ணை வீடுகள். இசைமேதை வெர்டி பிறந்த ரொங்கோலே பக்கத்தில்தான். பாதிரியாரும் கம்யூனிஸ்ட் மேயரும் ஓயாமல் சண்டை போடும் தோன் கமில்லோ கதைகளை எழுதிய குவாரெஸ்கிக்கும் இதே சமவெளிதான் பிறந்த மண். ஊர் நடுவே மெலி லூப்பி இளவரசர்களின் கோட்டை. அந்தக் குடும்பத்தின் பண்ணை வளாகத்தில் 1848-ல் வட்ட வடிவமாக, சுற்றிலும் தூண்கள் வைத்து ஒரு சீஸ் கூடம் கட்டினார்கள். அதுதான் 2003-லிருந்து பார்மிஜானோ ரெஜ்ஜானோ அருங்காட்சியகம். நாம் பீட்சாக் கடையில் சின்னப் பொட்டலத்தில் வாங்கித் தூவிக்கொள்ளும் ‘பார்மேசன்’ எதைப் பார்த்துப் போலி செய்யப்பட்டதோ, அந்த அசல் சீஸின் அருங்காட்சியகம்.

இத்தகைய கூடங்களைக் காசெல்லோ என்பார்கள். வட்டமாகவோ எண்கோணமாகவோ கட்டி, சுவரில் செங்கல் ஜாலி வைத்து, காற்று குறுக்கே ஓடும்படி விட்டிருப்பார்கள். உள்ளே விறகுத் தீ. மேலே செப்புக் கொப்பரை. புகையும் ஆவியும் வெளியேற வேண்டும், இரவு முழுக்க வைத்த பால் கெடாமல் குளிர வேண்டும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் அந்த வேலையைச் சுவரே செய்தது. கட்டடக்கலை மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் இந்தக் கூடங்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். அலங்காரம் போலத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கும்.

பொதுவாக ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது என்றால் அது வெளியே செத்துப்போயிற்று என்று அர்த்தம். சொரான்யாவில் அப்படி இல்லை. கதவைத் திறந்து வெளியே வந்தால் சுற்றுவட்டாரமே அதே சீஸைச் செய்துகொண்டிருக்கிறது. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதெனா மாவட்டங்கள் முழுவதும், பொலோன்யா, மந்தோவா மாவட்டங்களில் அந்தந்த ஆற்றுக்கு ஒரு கரையில் மட்டும் உள்ள பகுதிகள், இவ்வளவுதான் அனுமதிக்கப்பட்ட எல்லை. இந்த எல்லைக்குள் ஏறக்குறைய 300 கூடங்கள் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் உருளைகள் செய்கின்றன. அப்படியானால் அருங்காட்சியகத்தில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை புழங்கிய கருவிகள். ஒவ்வொன்றின் முன்னும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே போனேன்: “இதை இன்றும் பயன்படுத்துகிறார்களா?” சிலவற்றுக்கு இல்லை, சிலவற்றுக்கு ஆமாம். இந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில்தான் என் பேச்சு முழுவதும் இருக்கிறது.

பால் வண்டி, பால் கேன் எல்லாம் போய்விட்டன. அதற்கு யாரும் வருத்தப்படப்போவதில்லை. விறகு போய் நீராவி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் சூடு போதும் என்று தோன்றியதும் அவ்வளவு பெரிய கொப்பரையைத் தீயிலிருந்து விலக்கியாக வேண்டும். அதற்கென்று சுழலும் மரக்கை ஒன்று வைத்திருந்தார்கள். இன்று ஒரு திருகை மூடினால் முடிந்தது. சீஸை வார்க்கும் மர அச்சு போய் எஃகும் பிளாஸ்டிக்கும் வந்தன. கிடங்கில் உருளைகளைத் துடைத்துப் புரட்டிப் போட இயந்திரங்கள் வந்துவிட்டன. மாடுகூட மாறிவிட்டது! ஒருகாலத்தில் இங்கே மேய்ந்தது ரெஜ்ஜானா என்னும் செந்நிற மாடு. ஏரும் இழுக்கும், பாலும் தரும். டிராக்டர் வந்ததும் ஏர் மாட்டுக்கு வேலை போயிற்று, பால் அதிகம் தரும் கறுப்பு வெள்ளை ஃப்ரீசியன் இடத்தைப் பிடித்தது. 1980-களில் செம்மாடு ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. அதன் பாலில் மட்டும் தனியாகச் சீஸ் செய்து கூடுதல் விலைக்கு விற்கலாம் என்று சிலர் துணிந்த பிறகுதான் அந்த இனம் மீண்டது. உணர்ச்சியால் அதைக் காப்பாற்ற முடிந்திருக்காது, விலை காப்பாற்றியது.

இனி விடாதவை. இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

மாலையில் கறந்த பாலை அகலமான தட்டையான தொட்டிகளில் ஊற்றி இரவு முழுக்க அசையாமல் விடுகிறார்கள். ஆடை மேலே மிதந்து வரும். விடியலில் ஆடையை எடுத்து வெண்ணெய்க்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தை அன்று காலை கறந்த முழுப் பாலோடு சேர்த்துச் செப்புக் கொப்பரையில் விடுகிறார்கள். தலைகீழாகக் கவிழ்த்த மணி போல இருக்கும் கொப்பரை அது; ஒன்றுக்கு ஏறக்குறைய 1,100 லிட்டர் பிடிக்கும். செம்பில் வெப்பம் சீராகப் பரவும். மற்றதெல்லாம் மாறிய பிறகும் கொப்பரை மாறவில்லை. பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்குவதும் கிடையாது. மடியிலிருந்து வந்த பச்சைப் பால், அதிலுள்ள நுண்ணுயிர்களோடு அப்படியே போகிறது.

அடுத்து வருவது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாத விஷயம். நேற்றுச் சீஸ் செய்தபோது பிரிந்த தெளிநீரில் கொஞ்சம் எடுத்துப் புளிக்க வைத்திருப்பார்கள். அதைத்தான் இன்றைய பாலில் கலக்கிறார்கள். நாம் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதும் இதுவும் ஒரே கணக்கு. வெளியிலிருந்து உறை வாங்குவதில்லை. ஒவ்வொரு கூடத்தின் உறையும் அந்தந்தக் கூடத்துக்கே சொந்தம். ஆனால் ஒரு வேடிக்கை: இந்த முறை ஏதோ துறவிகள் காலத்திலிருந்து வருவது என்று நினைத்துவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டு முடிந்து 20-ஆம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில்தான் இது முறையாக நுழைந்தது. அன்றைக்கு அது புதுமை, விஞ்ஞானம். ஒரு தலைமுறையிலேயே அது இல்லாமல் இந்தச் சீஸே இல்லை என்று ஆகிவிட்டது. பழைமையானவற்றில் பாதி, ஒருநாள் யாரோ துணிந்து புகுத்திய புதுமைதான்.

பிறகு ரென்னெட். பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் அது. சைவ உணவுக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சீஸ் என்றால் பால்தானே என்று நம்மவர்கள் தாராளமாகத் தூவிக்கொள்கிறார்கள். பல சீஸ்களுக்கு இன்று தாவரத்திலிருந்தோ பூஞ்சையிலிருந்தோ கிடைக்கும் மாற்று வந்துவிட்டது. பார்மிஜானோவுக்கு அந்த வழி கிடையாது. கன்றின் ரென்னெட் மட்டுமே என்று விதி. விற்பனை கூடும் என்றாலும் அதை மாற்ற அவர்கள் தயாராக இல்லை. சரி தவறு பேச நான் வரவில்லை. உண்பதும் விடுவதும் உங்கள் முடிவு. தெரிந்து முடிவெடுங்கள், அவ்வளவுதான்.

ரென்னெட் சேர்ந்து சுமார் பத்து நிமிடத்தில் கொப்பரை முழுவதும் உறைந்துவிடும். அப்போது ஸ்பினோ என்னும் கருவி இறங்குகிறது. நீளக் கைப்பிடி, முனையில் கம்பிகளால் பின்னிய கூண்டு. அதை விட்டுக் கடைந்து, உறைந்த பாலை அரிசிமணி அளவுக்கு உடைக்கிறார்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் காசாரோ, அதாவது சீஸ் செய்யும் ஆசான், கையில் கொஞ்சம் அள்ளிப் பிசைந்து பார்த்துத்தான் சொல்கிறார். வெப்பமானி இருக்கிறது, கடிகாரம் இருக்கிறது. இருந்தும் கை உள்ளே போகிறது. புல் மாறினால் பால் மாறும், மழை பெய்தால் மாறும், மாடு ஈன்ற மாதத்தைப் பொறுத்தும் மாறும். அதற்கெல்லாம் அட்டவணை போட்டு மாளாது. பிறகு சூட்டை 55 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். மணிகள் தண்ணீரைக் கக்கிவிட்டு அடியில் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு மணி நேரம் போல அப்படியே விட்டு, மரத் துடுப்பால் நெம்பி, அடியில் துணி கொடுத்துத் தூக்கினால் பெரிய வெள்ளைப் பந்து ஒன்று வெளியே வருகிறது. அதைக் கத்தியால் இரண்டாக அறுத்து இரண்டு துணிகளில் தொங்கவிடுகிறார்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்கிறார்கள். ஓர் உருளைக்கு 550 லிட்டர் பால். முற்றியபின் எடை ஏறக்குறைய 40 கிலோ.

அச்சில் ஓரிரு நாள் கிடந்தபின் உப்புநீர்த் தொட்டியில் ஏறக்குறைய மூன்று வாரம். முன்பெல்லாம் பக்கத்துச் சல்சொமஜ்ஜோரேயின் உப்பு ஊற்றுகள் இந்த வட்டாரத்துக்கு உப்பு தந்தன. கடல் தொலைவில் இருக்கும் ஊர்களில் இப்படியொரு பெரிய சீஸ் பிறந்ததற்கு அந்த ஊற்றுகளும் காரணம். பால், புல், உப்பு மூன்றும் நடந்து போகும் தூரத்தில். பிரியும் தெளிநீர் வீணாகாது. அதைக் குடித்துப் பன்றிகள் வளர்கின்றன. அந்தப் பன்றித் தொடைதான் லங்கிரானோ மலையடிவாரக் காற்றில் உலர்ந்து பார்மா ஹாம் ஆகிறது. ஒன்றின் மிச்சம் மற்றொன்றுக்கு முதல். அந்த ஹாமுக்கும் இதே மாவட்டத்தில் அருங்காட்சியகம் உண்டு. தக்காளிக்கு, பாஸ்தாவுக்கு, ஒயினுக்கும் உண்டு. சாப்பாட்டு விஷயத்தில் அந்த மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் ஓவர்தான்.

விடாதவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மாட்டுத் தீவனம் பற்றிய விதி. நம் பால் பண்ணையாளர்களுக்கு ஊறுகாய்ப்புல் தெரியும்: பசும்புல்லையோ மக்காச்சோளத் தட்டையையோ காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைப்பது. மலிவு, மாடும் விரும்பித் தின்னும். பார்மிஜானோ எல்லைக்குள் அதற்குத் தடை. ஏன்? அதில் வளரும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் மாட்டின் வழியாகப் பாலுக்குள் வந்துவிடும். பல மாதம் கழித்து, சீஸ் முற்றிக்கொண்டிருக்கும்போது, உள்ளே வாயு கிளப்பி உருளையை உப்பவைத்து வெடிக்க விடும். பக்கத்து எல்லையில் கிரானா பதானோ என்று கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சீஸ் செய்கிறார்கள். அங்கே ஊறுகாய்ப்புல்லுக்கு அனுமதி உண்டு. அந்த நுண்ணுயிரை அடக்க முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் சேர்க்கிறார்கள். அதுவும் நேர்மையான வழிதான். ஆனால் பார்மிஜானோக்காரர்கள், பாலில் எதையும் சேர்க்கமாட்டோம், மாட்டின் வாயிலேயே தடுப்போம் என்று நிற்கிறார்கள். செலவு கூடுதல், வேலையும் கூடுதல். இந்த ஒரு பிடிவாதத்தால்தான் அந்தச் சமவெளி இன்றும் உலர்புல்லும் குதிரைமசாலுமாக இருக்கிறது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் வைக்க முடியாத காட்சிப்பொருள் அதுதான்.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சதுப்பு நிலத்தைத் திருத்திய பெனடிக்ட், சிஸ்டர்சியன் துறவிகள் உழவுக்கு மாடு வளர்த்தார்கள்; பால் மிஞ்சியது; நெடுநாள் கெடாத சீஸ் பிறந்தது. 1254-ல் ஜெனோவாவில் எழுதப்பட்ட ஒரு பத்திரத்தில், ஒரு பிரபுக் குலப் பெண்மணி தன் வீட்டைக் கொடுத்து, பதிலுக்கு ஆண்டுதோறும் பார்மா சீஸ் பெற்றுக்கொள்ள ஒப்பந்தம் செய்திருக்கிறார். பொக்காச்சோ தன் ‘தெக்கமரோன்’ கதையொன்றில் துருவிய பார்மா சீஸால் ஆன ஒரு மலையையே கற்பனை செய்தார். 1612-ல் பார்மாவின் கோமகன் ரனூச்சோ ஃபர்னேசே எந்த ஊர்ச் சீஸ் பார்மா பெயரைத் தாங்கலாம் என்று ஆவணப்படுத்தினார். 1666-ல் லண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தபோது நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் தோட்டத்தில் குழி வெட்டி ஒயினோடு பார்மேசனையும் புதைத்துவைத்தார். 1934-ல் உற்பத்தியாளர்கள் கூட்டமைப்பு உருவானது. 2008-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ‘பார்மேசன்’ என்ற பெயரும் இந்தச் சீஸின் பாதுகாப்புக்குள் வருகிறது என்றது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே அந்தத் தீர்ப்பு செல்லாது. அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் எல்லாப் பொடியும் பார்மேசன்.

இவ்வளவையும் கட்டிக்காப்பதில் பெரிய தடை காலம். குறைந்தது 12 மாதம் முற்றாமல் விற்கக்கூடாது. பெரும்பாலும் 24 மாதம், அதற்கு மேலும் விடுகிறார்கள். மாட்டுக்காரருக்கோ மாதாமாதம் பணம் வேண்டும். இரண்டாண்டு கழித்து வரும் காசை நம்பி எந்தக் குடியானவரும் பிழைக்க முடியாது. இங்கேதான் ஒரு வங்கி உள்ளே வருகிறது. கிரெதித்தோ எமிலியானோ என்ற வங்கி சீஸ் உருளைகளை அடகு பிடித்துக் கடன் கொடுக்கிறது. அதன் கிடங்குகளில் லட்சக்கணக்கான உருளைகள் மரப் பலகைகளில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அடகுப் பொருளைப் பூட்டி வைத்துவிட்டுப் போக முடியாது. துடைக்க வேண்டும், புரட்ட வேண்டும், தட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே அந்த வங்கியில் காசாளர்களோடு சீஸ் பக்குவம் தெரிந்தவர்களும் சம்பளம் வாங்குகிறார்கள். கடன் நிலுவையில் இருக்கும்போதே பொருளின் மதிப்பு ஏறிக்கொண்டு போகிறது. வங்கிக்காரர்கள் கனவு காணும் அடகு இது.

தட்டிப் பார்ப்பது என்றேன். பன்னிரண்டாவது மாதம் சோதகர் வருவார், கையில் சின்னச் சுத்தியல். உருளையை அங்கங்கே தட்டி ஓசை கேட்பார். சீரான ஓசை என்றால் உள்ளே சீராக இருக்கிறது. எங்கேயாவது ஓசை மாறினால் அங்கே விரிசலோ குழியோ இருக்கும். தேறியதற்கு நெருப்புச் சூட்டு முத்திரை. தேறாததன் பக்கவாட்டில் பிறந்தபோதே புள்ளிகளாகப் பதித்திருந்த பெயரை மழித்துவிடுகிறார்கள். சீஸைத் தூக்கியெறிய மாட்டார்கள், பெயரைத்தான் பறிப்பார்கள். அருங்காட்சியகத்தில் சுத்தியலைப் பார்த்தபோது என் கேள்விக்கு அழுத்தமான ‘ஆமாம்’ கிடைத்தது.

அந்தப் பெயருக்கும் ஒரு சோதனை வந்தது. 2012 மே மாதம் 20-ஆம் தேதியும் 29-ஆம் தேதியும் இந்த எமிலியா வட்டாரத்தில் நிலநடுக்கம். உயிர்ச்சேதம் உண்டு. கூடவே, கிடங்குகளின் உயரமான அடுக்குகள் சீட்டுக்கட்டாகச் சரிந்து லட்சக்கணக்கான உருளைகள் தரையில் விழுந்து உடைந்தன. உடைந்த சீஸைக் கிடப்பில் போட முடியாது, பூஞ்சை பிடித்துவிடும். மொதெனாவின் புகழ்பெற்ற சமையற்காரர் மாஸ்ஸிமோ பொத்தூரா, பார்மிஜானோ சேர்த்துச் சோறு செய்யும் முறை ஒன்றை உருவாக்கி எல்லோரையும் செய்யச் சொன்னார். மக்கள் உடைந்த துண்டுகளைத் தேடி வாங்கினார்கள். எல்லாம் விற்றுத் தீர்ந்தது. இத்தனை ஆண்டு விதிக்குக் கட்டுப்பட்டுச் சம்பாதித்த பெயர் அன்று கைகொடுத்தது.

கடைசியாக, அருங்காட்சியகத்தின் காலத்துக்குள் வராத சிலரைப் பற்றி. மாடு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை, கிறிஸ்துமஸ் பார்ப்பதில்லை. பனிக்கால இருட்டில் மூன்று நான்கு மணிக்கு எழுந்து கறக்க வேண்டும், மறுபடி மாலையில். பால் வந்தால் அன்றே காய்ச்சியாக வேண்டும். பக்கத்திலேயே டிராக்டர் ஆலையும் தரையோட்டு ஆலையும் கார் ஆலையும் வந்தபின் உள்ளூர் இளைஞர்கள் கொட்டிலைவிட்டுப் போய்விட்டார்கள். 1980-களிலிருந்து அந்த இடத்துக்கு வந்தவர்கள் பஞ்சாபின் சீக்கியர்கள். எருமைகளோடு வளர்ந்தவர்கள், மாட்டின் மூச்சை வைத்தே அதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லக்கூடியவர்கள். இன்று போ சமவெளியின் எத்தனையோ கொட்டில்களில் தலைப்பாகையைப் பார்க்கலாம். ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்து நொவெல்லாராவில் 2000-ஆம் ஆண்டு பெரிய குருத்வாரா ஒன்று திறந்தார்கள். திறந்துவைத்தவர் அப்போது ஐரோப்பிய ஆணையத்தின் தலைவராக இருந்த ரோமானோ ப்ரோதி. அந்த மாவட்டத்துக்காரர்தான்.

விதிப் புத்தகத்தில் பால் எங்கிருந்து வர வேண்டும், மாடு என்ன தின்ன வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. கறக்கும் கை எந்த ஊர்க் கையாக இருக்க வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. அதை யாராவது எழுதியிருந்தால் இந்தச் சீஸுக்கு நிஜமாகவே அருங்காட்சியகம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். மண்ணின் மைந்தர் பெருமையோடு இத்தாலிய அரசியல்வாதிகள் சிலர் இந்தச் சீஸைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம், அதற்குப் பால் கறந்தது அமிர்தசரஸ் பக்கத்துக்காரராக இருக்கலாமே என்று தோன்றும். அந்தச் சமவெளி அவர்களை எப்போதும் மதிப்போடு நடத்தியது என்றும் நான் சொல்லமாட்டேன். குறைந்த கூலி, நீண்ட நேரம், தனிமை எல்லாம் அந்தக் கதையில் உண்டு. சொரான்யா போன்ற ஓர் இடம் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்துத் தன் கூடத்தை விரிவாக்கினால், அந்தச் சீக்கியர் வீட்டுப் பிள்ளைகள் வைத்திருக்கும் புகைப்படங்களையும் கேட்டு வாங்கி மாட்ட வேண்டியிருக்கும்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். மற்ற மாதங்களில் வார இறுதி நாட்களில் திறக்கும். ஆனால் நேரே அங்கே போகாதீர்கள். முதலில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கூடத்தில் சொல்லிவைத்துவிட்டு, காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்து மணிக்கெல்லாம் பந்து மேலே வந்துவிடும். பதினொன்றுக்குத் தரை கழுவிக்கொண்டிருப்பார்கள், பார்க்க ஒன்றும் இருக்காது. அங்கே கொப்பரை, துணி, துடுப்பு, சுத்தியல் எல்லாவற்றையும் வேலையில் பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சொரான்யாவுக்கு வாருங்கள். கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள். சீஸ் கிடங்கு குளிரும்.